மெஷினுக்கு ஓட்டு கிடையாது

செக்கிங் அக்கா பொய் சொல்லித்தான் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

பெரிய பொய் ஒன்றுமில்லை. "யாருக்கு ஓட்டுப் போடறதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா?" என்று டிவி நிலையத்துப் பெண் கேட்டபோது, "எங்கங்க, ரெண்டு பேரும் பேசட்டும், கேட்டுட்டுத்தான்" என்று முகத்தைப் பச்சைப்பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு சொன்னாள். முடிவு என்றைக்கோ ஆகிவிட்டிருந்தது. ஆனால் முடிவு பண்ணிவிட்டேன் என்று சொல்கிறவர்களுக்கு அங்கே இடமில்லை. மேயர் தேர்தலில் நிற்கும் இருவரும் நேருக்கு நேர் விவாதம் செய்யப் போகிறார்கள். இன்னும் முடிவு செய்யாத வாக்காளர்கள் கொஞ்சம் பேர் எதிரே உட்கார்ந்து, யார் ஜெயித்தார் என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். அதுதான் ஏற்பாடு.

அவளை அனுப்பி வைத்ததே ஆஸ்பத்திரி டயாலிசிஸ் வார்டுதான். "நீ போ அக்கா. நம்ம பக்கத்து ஆள் ஒருத்தராவது உள்ள இருக்கணும்" என்று சிஸ்டர் சொன்னாள். அவள் கணவருக்குப் பக்கத்துக் கட்டில் வாட்ச் கடைக்காரர், "டாக்டரம்மா வாயைத் திறந்தா நீ கையைத் தட்டு. அந்த ஆளு வாயைத் திறந்தா கொட்டாவி விடு" என்று பாடமே நடத்தினார்.

வார்டுக்கு அத்தனை அக்கறை இருந்ததற்குக் காரணம் உண்டு. போட்டியிடுபவர்களில் ஒருவர், அதே மாநகராட்சி ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற டாக்டரம்மா. வார்டை மூட விடமாட்டேன் என்று சொல்லித்தான் நின்றார். மற்றவர் மைக்காரர். கடை திறப்பு விழாக்களில் மைக் பிடித்துக் கூட்டம் சேர்த்து, அந்தக் குரலாலேயே காண்டிராக்டராகி, காண்டிராக்டில் பெரிய மனிதராகி வந்தவர். பழைய ஆஸ்பத்திரி இருக்கும் இடத்தை விற்றுவிட்டு, பக்கத்து ஊரில் பெரிதாக ஒன்று கட்டப் போவதாகவும், நோயாளிகளை வீட்டு வாசலிலிருந்தே வண்டி வைத்துக் கூட்டிப் போகப் போவதாகவும் சொல்லிக்கொண்டிருந்தார். கட்டி முடிகிற வரைக்கும் என்ன செய்வது என்று கேட்டால் சிரிப்பார். நன்றாகச் சிரிப்பார்.

அக்காவின் கணவர் பஸ் டிரைவர். அதாவது, சிறுநீரகம் இரண்டும் கையை விரிக்கும் வரை டிரைவர். ஊரும் உறவும் இன்னும் அப்படித்தான் கூப்பிட்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் அந்த வார்டில் மெஷினோடு இணைத்துப் படுக்க வைத்து, ரத்தத்தைச் சுத்தம் செய்து அனுப்புவார்கள். வார்டு நடந்து போகிற தூரத்தில் இருந்ததால்தான் அக்காவால் துணிக் கம்பெனி வேலையையும் பார்க்க முடிந்தது. வார்டு போனால் ஒன்று வேலை போகும், இல்லையென்றால் ஆள் போவார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. விளக்கு எரியும் கண்ணாடி மேசை மேல் துணி ஓடிக்கொண்டே இருக்கும். இழை அறுந்த இடமோ எண்ணெய்க் கறையோ தெரிந்தால் அந்தக் கணமே கை போய்ப் பொத்தானை அழுத்தி நிறுத்த வேண்டும். கண் பார்த்து, மூளை யோசித்து, அப்புறம் கை போவதென்றால் அதற்குள் கறை மேசையைத் தாண்டிப் போய்விடும். இவளுக்குக் கைதான் முன்னால் போகும், மூளை பின்னாலேயே வந்து என்ன விஷயம் என்று கேட்கும். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

டிவி நிலையத்தில் முகத்துக்குப் பவுடர் போட்டு, வரிசையாக உட்கார வைத்து, ஆளுக்கொரு சின்னப் பெட்டி கொடுத்தார்கள். பெட்டியின் நடுவில் ஒரு குமிழ்.

"பேசறது புடிச்சா வலது பக்கம் திருப்புங்க, புடிக்கலைன்னா இடது பக்கம்" என்று அமைப்பாளர் பெண் சொன்னாள். "யோசிக்காதீங்க. யோசிச்சா கெட்டுது. மனசுல பட்ட உடனே கை திரும்பணும்."

பக்கத்து நாற்காலியில் ஒரு பேக்கரிக்காரர். "எங்க வீட்ல நான் யோசிக்காம எதையாவது திருப்பினா உதை விழும்மா" என்றார். வரிசையே சிரித்தது.

"இன்னொண்ணு. ஆரம்பத்துல இருந்து ஒரே பக்கமா வச்சுக்கிட்டு உக்காந்தீங்கன்னா, கட்சிக்காரங்கன்னு உங்களைக் கணக்குல சேர்க்க மாட்டோம்."

அக்காவுக்குச் சுருக்கென்றது. டாக்டரம்மாவுக்கு வலது, மைக்காரருக்கு இடது என்றுதான் அவள் திட்டம் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அது இனி நடக்காது. சரி, நடுவில் வைத்துக்கொள்வோம், அவ்வப்போது அப்படியும் இப்படியும் ஆட்டுவோம், ஆஸ்பத்திரிப் பேச்சு வரும்போது ஒரே திருப்பாகத் திருப்பிவிடுவோம் என்று மனதை மாற்றிக்கொண்டாள். கை பழக வேண்டுமென்று ஒரு நாய்க்குட்டி தன் வாலைத் தானே துரத்துகிற படத்தைப் போட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள், எல்லோர் கையும் வலது பக்கம் போனது. அவள் கையும்தான்.

விவாதம் தொடங்கியது. குடிதண்ணீர், சாலை, குப்பை என்று ஒவ்வொன்றாக வந்தது. மைக்காரர் பொய் சொல்லும்போது இடது பக்கம் கொஞ்சம், டாக்டரம்மா உண்மை சொல்லும்போது வலது பக்கம் கொஞ்சம் என்று அக்கா சாமர்த்தியமாகத்தான் ஓட்டிக்கொண்டு போனாள். கடைசியில் ஆஸ்பத்திரி வந்தது.

டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு தாளை எடுத்தார். வார்டை எப்படிக் காப்பாற்றலாம் என்று படிக்கத் தொடங்கினார். "அஞ்சாம் நம்பர் மெஷின்ல பம்ப் மாத்தியாச்சு. எட்டாம் நம்பர் மெஷினுக்கு ஒரு போர்டு மட்டும் மாத்தினா போதும். ஒன்பதாம் நம்பர் மெஷின்..." அத்தனையும் சத்தியம். டிரைவர் படுப்பதே எட்டாம் நம்பரில்தான். ஆனால் குரல் ஒரே சீராக, மழைக்கால மத்தியானம் மாதிரி இழுத்துக்கொண்டே போனது. கண்ணாடி வேறு மூக்கிலிருந்து நழுவி நழுவி இறங்கியது. பேக்கரிக்காரர் தலை மெல்ல ஆடத் தொடங்கியது. மேலே விளக்குச் சூடு. யாராவது ஏதாவது செய்ய மாட்டார்களா என்று அந்த அறையே ஏங்கியது.

மைக்காரர் அவசரப்படவில்லை. நன்றாக முற்றட்டும் என்று விட்டார். அப்புறம் மைக் பக்கம் குனிந்து, ஏதோ சொந்த அக்காவுக்கு நல்லது சொல்கிற தம்பி மாதிரி, கவலையோடு சொன்னார்:

"அம்மா... மெஷினுக்கு ஓட்டு கிடையாதும்மா."

அவ்வளவுதான். அறை வெடித்தது. பேக்கரிக்காரர் தொடையில் அடித்துக்கொண்டார். அக்காவும் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு அல்ல, தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து உட்கார்ந்து அவள் அப்படிச் சிரித்து எத்தனை காலமாயிற்று! உடம்பு அதற்காகவே காத்திருந்தது போலச் சிரித்தது. சிரிப்பு அடங்கி மூச்சு வாங்கியபோதுதான் கையைப் பார்த்தாள். குமிழ் வலது பக்கக் கடைசியில் நின்றது.

சட்டென்று இடது பக்கம் திருகினாள். ஆனால் கறை மேசையைத் தாண்டிப் போயிருந்தது.

டாக்டரம்மா சிரிப்பு ஓயும் வரை பொறுமையாக நின்றார். அப்புறம் விட்ட இடத்தைத் தாளில் தேடினார். கிடைக்கவில்லை. தேடிக்கொண்டே இருந்தார்.

பேச்சு முடிந்ததும் நிபுணர்கள் மூவர் வந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் பேராசிரியர், ஒருவர் பழைய பத்திரிகைக்காரர், மூன்றாமவர் யாரென்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. குமிழ்கள் வரைந்த கோட்டைத் திரையில் போட்டு, இதயநோயாளியின் இசிஜி மாதிரி உற்றுப் பார்த்தார்கள். ஓரிடத்தில் கோடு மலை மாதிரி எழும்பியிருந்தது. "இங்கேதான் விவாதம் முடிந்தது" என்றார் பேராசிரியர். அந்த மலையின் அடியில் என்ன பேசினார்கள், அதில் எது நிஜம் என்று மூவரில் ஒருவரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது வாசலிலேயே நாத்தனார் நின்றாள். கீழ்ப் பகுதியில் குடியிருப்பவள்.

"அண்ணி! எவ்வளவு பெருசாக் காட்டினான் தெரியுமா உங்களை? கடைவாய்ப் பல்லு வரைக்கும் தெரிஞ்சுது! அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன்."

டிரைவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். அவளை ஒரு பார்வை பார்த்தார்.

"நல்லா சிரிச்ச" என்றார்.

கோபமா, கேலியா, சும்மா சொன்னதா என்று அந்தக் குரலில் பிடிபடவில்லை. தெரியாமல் சிரித்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லக் கூச்சமாக இருந்தது. உன் உயிரைப் பற்றி ஒருத்தன் கேலி பேசினான், நான் சிரித்தேன் என்று எந்தப் பெண்டாட்டி எப்படிச் சொல்லுவாள்? "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே சமையலறைக்குள் போய்விட்டாள். அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை. அன்றைக்குத் தொடங்கிய அந்த மௌனத்தை இருவரும் அப்படியே விட்டுவிட்டார்கள்.

மறுநாள் காலையில் அவள் சிரிப்பு ஊர் முழுக்க ஓடியது. டிவிக்காரர்கள் அவள் யாரென்று விசாரித்து, கீழே ஒரு வரியும் சேர்த்திருந்தார்கள்: 'சிறுநீரக நோயாளியின் மனைவியே சிரித்தார்!' மைக்காரரின் ஆட்கள் அதை வெட்டி எடுத்து எல்லோர் போனுக்கும் அனுப்பினார்கள். 'அம்மா... மெஷினுக்கு ஓட்டு கிடையாதும்மா' என்ற குரல், உடனே அவள் முகம். மறுபடி குரல், மறுபடி முகம்.

அடுத்த முறை வார்டுக்குப் போனபோது சிஸ்டர் அவள் பக்கம் திரும்பாமலே டிரைவருக்கு ஊசி குத்தினாள். டிரைவர் வழக்கம்போலக் கண்ணை மூடியதும் வாட்ச் கடைக்காரர் ஆரம்பித்தார்.

"வாம்மா, வா. கையைத் தட்டச் சொல்லி அனுப்பினா பல்லைக் காட்டிட்டு வந்திருக்க."

"தெரியாம வந்துடுச்சுண்ணே."

"தும்மலா, தெரியாம வர்றதுக்கு?"

அவள் வராந்தாவில் போய் உட்கார்ந்தாள். அந்தச் சமயம் பார்த்து டாக்டரம்மாவே ஓட்டுக் கேட்டுக்கொண்டு வந்தார். அக்கா எழுந்து நின்றாள்.

"உக்காரும்மா" என்றார் டாக்டரம்மா. "நல்ல ஜோக்தான். வேற யாரையாவது சொல்லியிருந்தா நானே சிரிச்சிருப்பேன்."

"நான் உங்களுக்குத்தான் டாக்டரம்மா... சத்தியமா உங்களுக்குத்தான்..."

"தெரியும். நீ சிரிச்சதுக்கு நான் என்ன பண்ண முடியும், நீதான் என்ன பண்ண முடியும்? ஓட்டை மட்டும் மறக்காம போட்டுடு."

திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. அன்று மத்தியானமே கம்பெனிக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு டிவி நிலையத்துக்குப் போனாள். அமைப்பாளர் பெண் அவளை அடையாளம் கண்டுகொண்டு காபியெல்லாம் வரவழைத்தாள்.

"உங்க முகம்தான் அன்னிக்கு ஹைலைட்டே!"

"அதைப் போடறதை நிறுத்துங்கம்மா. எனக்கு அந்த ஆளைப் புடிக்கவே புடிக்காது. நான் முன்னாடியே டாக்டரம்மாவுக்குன்னு முடிவு பண்ணிட்டுத்தான் வந்தேன். இதை டிவியில சொல்றேன், எடுத்துக்கோங்க."

அந்தப் பெண் காபியைக் கீழே வைத்தாள். கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அக்கா, நீங்க முடிவு பண்ணலைன்னு சொல்லித்தானே உள்ள வந்தீங்க? இப்ப மாத்திச் சொன்னா என்ன ஆகும் தெரியுமா? டாக்டரம்மா தன்னோட ஆளைத் திருட்டுத்தனமா உள்ள அனுப்பினாங்கன்னு நாளைக்கு இதே டிவியில ஓடும். நானே போட்டாகணும். அந்த ஆளுக்கு இதைவிடக் கொழுத்த தீனி வேணுமா?"

"அப்ப நான் என்னதான் பண்றது?"

"பேசாம இருங்க. ரெண்டு நாள்ல மறந்துடுவாங்க."

நல்ல எண்ணத்தில் சொன்ன புத்திமதிதான். அக்காவும் பேசாமல் இருந்தாள். ஆனால் யாரும் மறக்கவில்லை.

விவாதத்தை ஒரு நிமிடம்கூடப் பார்க்காதவர்களெல்லாம் அதில் யார் ஜெயித்தார் என்று அடித்துச் சொன்னார்கள். கம்பெனியில் மெஷின் நின்றால் சூப்பர்வைசர், "அம்மா, மெஷினுக்கு ஓட்டு கிடையாதும்மா" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். பஸ்ஸில் கண்டக்டர் சொன்னார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சொன்னார்கள். ஆஸ்பத்திரி நிலத்தை மைக்காரர் யாருக்கு விற்கப் போகிறார், என்ன விலைக்கு என்று எவரும் கேட்கக் காணோம். டாக்டரம்மாவின் பேச்சு வந்தாலே ஜனங்கள் உதட்டைப் பிதுக்கி, "பாவம், நல்ல அம்மாதான்" என்றார்கள். நல்ல அம்மாதான் என்று சொல்லிவிட்டால் அப்புறம் ஓட்டுப் போட வேண்டியதில்லை.

"டாக்டரம்மாவுக்கு ஓட்டுப் போடு. உன் அண்ணன் உயிரு அதுலதான் இருக்கு" என்று நாத்தனாரிடம் மட்டும் தனியாகச் சொன்னாள்.

"அட போங்கண்ணி. தோக்கப் போறவங்களுக்குப் போட்டு என்ன ஆகப் போகுது? விவாதத்துலயே தோத்துட்டாங்க இல்ல?"

"தோத்துட்டாங்கன்னு யாரு சொன்னது?"

நாத்தனார் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்கதானே அண்ணி சொன்னீங்க!"

ஓட்டுப்பதிவு அன்று டிரைவரைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனாள். இருவரும் தனித்தனியாக மறைப்புக்குள் போய்விட்டு வந்தார்கள். அவர் யாருக்குப் போட்டார் என்று அவள் கேட்கவில்லை. கேட்க வேண்டிய விஷயமாகவே அவளுக்குத் தோன்றவில்லை. மூச்சு யாருக்காக விடுகிறாய் என்று யாராவது கேட்பார்களா?

மைக்காரர் ஜெயித்தார். ஏதோ நூலிழையில் என்றாலாவது மனது ஆறியிருக்கும். அப்படியும் இல்லை. வார்டு இருந்த தெருவிலேயே அவருக்குத்தான் அதிக ஓட்டு. பதவி ஏற்பதற்கு முன்பே பேட்டி கொடுத்தார்: ஆஸ்பத்திரியை உடனே காலி செய்யப் போகிறார்களாம். புதியது கட்டி முடிகிற வரைக்கும் டயாலிசிஸ் நோயாளிகள் பக்கத்து ஊரில் ஏற்கெனவே இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொள்ள வேண்டுமாம். வாசலுக்கு வரும் வண்டியைப் பற்றிக் கேட்டார்கள். சிரித்தார்.

டிரைவர் அந்தப் பேட்டியை முழுக்கப் பார்த்தார். டிவியை அணைத்தார்.

"என்ன இவன் இப்படிச் சொல்றான்? வண்டி விடறேன்னானே?"

"அவன் எங்கங்க விடப் போறான்? வாய்க்கு வந்ததைச் சொன்னான்" என்றாள் துணி மடித்துக்கொண்டே.

"அது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

அந்தக் கேள்வி ஏதோ மாதிரி இருந்தது. மடித்த துணியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஏன், நீங்க யாருக்குப் போட்டீங்க?"

"அவனுக்குத்தான்."

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"என்ன பார்க்கற? நீ சிரிச்சதைப் பார்த்துட்டுத்தான் போட்டேன்" என்றார் டிரைவர். "நான் பாதியிலேயே தூங்கிட்டேன். தங்கச்சி எழுப்பிக் காட்டினா. நீ முழுசாக் கேட்டவ. துணியில ஒத்தை இழை தப்பினாலும் புடிக்கிற ஆளு. சும்மா ஒருத்தனைப் பார்த்து அப்படிச் சிரிக்க மாட்டேன்னு நினைச்சேன். உன்னை நான் அப்படிச் சிரிச்சுப் பார்த்தே ரொம்ப நாளாச்சு. சரி, இவளுக்கு இந்த ஏற்பாடு புடிச்சிருக்கு, பெரிய ஆஸ்பத்திரி, வண்டி வரும், இவளுக்கு அலைச்சல் குறையும், என் மூஞ்சிக்கு நேரா சொல்லத்தான் தயங்கறான்னு... அலையறவ நீ. எது தோதுன்னு உனக்குத்தானே தெரியும்? உனக்காகத்தான் போட்டேன்."

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"அப்படி என்னதான் புடிச்சுது அவன்கிட்ட?" என்று கேட்டார். வம்புக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

ஒரு நல்ல பொய்யாகத் தேடினாள். கிடைக்கவில்லை.

"வேடிக்கையாச் சொன்னான். சிரிப்பு வந்துடுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. நான் டாக்டரம்மாவுக்குத்தான் போட்டேன்."

டிரைவர் கையிலிருந்த ரிமோட்டைக் கட்டிலில் வைத்தார்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றார்.

"நீங்க கேட்டிருக்கலாமே."

கீழே நாத்தனார் வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. நிபுணர்கள் மூவரும் வந்துவிட்டார்கள் போலிருக்கிறது. விவாதம்தான் தேர்தலைத் தீர்மானித்தது, வாக்காளர்கள் தெளிவாக யோசித்து ஓட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று பேராசிரியர் சொல்வது மாடிப்படி வழியாக மேலே வந்தது.

டிரைவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"அந்த ஊர் ரூட்டு ரொம்ப மோசம்" என்றார், சுவரிடம் சொல்வது போல. "குலுக்கி எடுத்துடும். நான் ஓட்டியிருக்கேன்."